“அடிக்கிறானா, குடிக்கிறானா?”: செங்காங் தம்பதியின் மணமுறிவு – ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் நாலறை வீடு ஒன்றில் வாழ்ந்த தமிழ்த் தம்பதி 2025 மார்ச்சில் சட்டப்படி பிரிந்தார்கள். அடி உதை இல்லை, குடி இல்லை, வேறு பெண்ணோ ஆணோ இல்லை. “அப்புறம் எதற்காகப் பிரிந்தார்கள்?” என்று இரு பக்கத்து உறவினர்களும் இன்றுவரை கேட்கிறார்கள். இந்த ஆய்வு அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் தொண்டூழியர் என்ற முறையில் நான் கேட்டவற்றை வைத்து இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி வேலை, வட்டாரம், தொகை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் இருந்த வேறு சில குடும்பங்களின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திருமணத்தை முறித்தது பணமோ மாமியாரோ இரவு வேலையோ அல்ல. இவை மூன்றும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. இவற்றைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய வயதில் பேசவில்லை. பேச முயன்றபோது சுற்றியிருந்தவர்கள் அந்தப் பேச்சை அடக்கிவிட்டார்கள்.

வீடு முதலில், தாலி பிறகு

இருவரும் 1986இல் பிறந்தவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பழக்கம். சிங்கப்பூரில் பல இளையர்களுக்கு “கல்யாணம் செய்துகொள்ளலாமா?” என்பதைவிட “பிடிஓ போடலாமா?” (அரசு கட்டித் தரும் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா) என்பதே முதல் கேள்வி. இவர்களுக்கும் அப்படித்தான். 2011இல் விண்ணப்பித்தார்கள், 2014 தொடக்கத்தில் சாவி கிடைத்தது. வருங்காலத் தம்பதியாக விண்ணப்பித்தவர்கள் சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதி. அதனால் 2013 இறுதியிலேயே கேனிங் ரைஸில் உள்ள திருமணப் பதிவகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தாலி கட்டியது 2014 ஜூனில், சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் மண்டபத்தில்.

வீட்டுக்காகக் காத்திருந்த அந்த மூன்றாண்டில் அவர்கள் எவ்வளவோ பேசினார்கள். தரை ஓடு எந்த நிறம், சமையலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், பூஜை அலமாரியை எங்கே வைப்பது என்று எல்லாம் பேசினார்கள். கணவருடைய பெற்றோருக்கு மாதாமாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பேசவில்லை. குழந்தை பிறந்தால் இரவில் யார் எழுந்திருப்பது என்பதையும் பேசவில்லை. வீடு கைக்கு வந்ததும் திருமணம் முடிந்தது என்று எல்லோருமே நினைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் கையெழுத்தை ‘சும்மா வீட்டுக்காக’ என்றும் தாலியை உண்மையான கல்யாணம் என்றும் பார்க்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் கையெழுத்துப் போட்ட நாளே திருமண நாள். தாலி கட்டும் முன் மனம் மாறினாலும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். திருமணமாகி மூன்று ஆண்டுகள் முடியாமல் விவாகரத்துக்கு மனுச் செய்ய முடியாது, மிகக் கடுமையான துன்பம் போன்ற காரணம் இருந்தால் ஒழிய. 1961இல் மாதர் சாசனம் (முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், விவாகரத்துக்கான சட்டம்) வருவதற்கு முன் சடங்கு மட்டுமே போதும் என்றிருந்தது. ஒருவருக்கு ஒரே துணை, திருமணத்துக்குப் பதிவு என்று ஆனது அந்தச் சட்டத்தால்தான். அது வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பதிவை ஒரு காகித வேலையாகவே பல பெற்றோர் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எழுதாத கணக்கு

கணவர் சாங்கியில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர், ஷிஃப்ட் வேலை. வீட்டுக்கு மூத்த பிள்ளை. பாதுகாவலராக வேலை பார்த்த அப்பா 2013இல் வேலையை விட்டதிலிருந்து மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெற்றோருக்கு. அதோடு தங்கையின் படிப்புச் செலவில் ஒரு பங்கு. மனைவிக்கு வங்கியில் நிர்வாக வேலை. வீட்டுக் கடன் இருவரின் மத்திய சேமநிதியிலிருந்தும் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) போனது. மின்சார, தண்ணீர்க் கட்டணமும் வாகனக் கடனும் கணவர் பொறுப்பு. மளிகை, பாலர் பள்ளிக் கட்டணம், பணிப்பெண்ணின் சம்பளமும் அவருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையும், மகளின் மருத்துவச் செலவு எல்லாம் மனைவி பொறுப்பு. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. முதல் மாதம் யார் எதைக் கட்டினார்களோ அதுவே பத்து ஆண்டுகளுக்கு வழக்கமாகிவிட்டது.

2015இல் மகள் பிறந்தாள். குழந்தைக்கு இழுப்பு உண்டு. இரவில் மூச்சுத் திணறினால் எழுந்து மருந்து கொடுப்பது அம்மா. கணவர் இரவு ஷிஃப்டில் இருப்பார், இல்லாவிட்டால் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவரைச் சோம்பேறி என்று சொல்லவே முடியாது. கூடுதல் நேர வேலை கிடைத்தால் விடமாட்டார். ஆனால் தன் உழைப்புக்கு மணிக்கணக்கு உண்டு, மனைவியின் உழைப்புக்குக் கணக்கே கிடையாது என்பதை அவர் கவனிக்கவில்லை. மனைவியும் அதைச் சொல்லாமல் முகத்தில் காட்டினார். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று பின்னால் கணவர் சொன்னார். அதுவும் பொய்யில்லை. மகளின் மருந்து எங்கே இருக்கிறது, எந்த நாள் என்ன சீருடை என்பது எல்லாம் மனைவிக்கும் பணிப்பெண்ணுக்கும் மட்டுமே தெரிந்த வீடு அது.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம், அதாவது கொவிட் முடக்கம். விமானங்கள் பெரும்பாலும் பறக்கவில்லை. கணவரின் கூடுதல் நேர வருமானம் நின்றது, அடிப்படைச் சம்பளமும் குறைந்தது. மனைவி சாப்பாட்டு மேசையிலிருந்து வங்கி வேலையைப் பார்த்தார், அதே மேசையின் மறுபக்கம் மகள் மடிக்கணினியில் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். இருவருக்கும் நாள் முழுக்க ஒரே கூரை. அதுவரை ஷிஃப்ட் மறைத்து வைத்திருந்தது எல்லாம் வெளியே தெரிந்தது.

அந்த மாதங்களிலும் பெற்றோருக்கு 800 வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. எப்படி என்று 2021இல்தான் தெரிந்தது. அஞ்சல் பெட்டியில் வந்த வங்கிக் கடிதம் ஒன்றை மனைவி பிரித்தார். கணவர் பெயரில் சுமார் 18,000 வெள்ளி தனிநபர் கடன். சத்தம் போட்டார்கள், அழுதார்கள், அடுத்த வாரம் ஓய்ந்தார்கள். கடனை அடைத்துவிடலாம், இருவரும் சம்பாதிக்கிறார்கள். மனைவிக்குத் தாங்க முடியாமல் போனது வேறு: அந்தக் கடனைப் பற்றி நாத்தனாருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது.

“சொன்னால் அம்மாவுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுவாள் என்று நினைத்தேன்” என்றார் கணவர்.

“நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்குக் குறைக்கச் சொல்லியிருப்பேன்” என்றார் மனைவி.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

யீஷூனில் நடந்த கூட்டம்

கடன் விஷயம் வெளியே வந்ததும் மனைவியின் தாய்மாமா யீஷூனில் தன் வீட்டில் இரு குடும்பத்தையும் கூட்டினார். நல்ல மனிதர். இரண்டு பக்கமும் மரியாதை உள்ளவர். கேட்ட கேள்விகள் மூன்று: “அடிக்கிறானா? குடிக்கிறானா? வேற யாராச்சும் இருக்கா?” மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்ததும் அவர் முகத்தில் நிம்மதி. “அப்ப ஒண்ணும் பெரிசா இல்லையே பாப்பா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்றார். மருமகனிடம், “மாப்பிள்ளை, நீங்களும் பாத்து நடந்துக்குங்க” என்றார். அப்புறம் சாப்பாடு.

அந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, மாமா மேல் அல்ல. அன்று அந்தக் கூடத்தில் ஏழெட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள். “யார் எவ்வளவு கொடுக்கிறீர்கள், எழுதுங்கள் பார்ப்போம்” என்று ஒருவர் கேட்டிருக்கலாம். 800 வெள்ளியில் பாதியைத் தங்கை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கலாம். அவள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கணவரின் அம்மாவுக்கே அந்தப் பணம் கடனாக வந்தது என்று தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன் என்று பிறகு அழுதார். ஒரு மணி நேரப் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடியது, மூன்று கேள்விகளில் மூடப்பட்டது. அனுசரித்துப் போ என்ற சொல் இருவருக்கும் சொல்லப்பட்டதாகத் தோன்றினாலும், எதை மாற்ற வேண்டும் என்று கணவருக்கு யாரும் சொல்லவில்லை. என்ன தாங்க வேண்டும் என்று மனைவிக்கு மட்டும் தெளிவாகப் புரிந்தது. அன்றிலிருந்து அவர் பேசுவதை நிறுத்தினார். மகளின் அறைக்கு மாறினார்.

வெளி உதவி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. பீட்டி சாலையில் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். மனைவி சில முறை ஆலோசகரைப் பார்த்தார். கணவர் ஒரு முறை வந்தார். ஷிஃப்ட் என்றார். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்வதில் அவருக்கு இருந்த கூச்சம்தான் உண்மைக் காரணம். இப்படித் தயங்கும் ஆண்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

சட்டமும் அதையே கேட்டது

2023இல் மனைவி வழக்கறிஞரைப் பார்த்தார். சிங்கப்பூரில் விவாகரத்துக்கு ஒரே அடிப்படைதான்: திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்பது. அதை நிரூபிக்க அப்போது இருந்த வழிகள், தகாத உறவு, சேர்ந்து வாழ முடியாத அளவு நடத்தை, இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனது, இருவர் சம்மதத்துடன் மூன்று ஆண்டுகள் பிரிந்திருப்பது, சம்மதம் இல்லாவிட்டால் நான்கு ஆண்டுகள். மாமாவின் மூன்று கேள்விகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் தூரம் அதிகமில்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலில் வேறு வேறு அறையில் தூங்கினால் அதைப் பிரிந்து வாழ்ந்ததாகக் காட்டுவது எளிதல்ல. மிஞ்சியது கணவரின் நடத்தையைப் பட்டியல் போடும் வழி.

மனைவி எழுத உட்கார்ந்தார். இரண்டு பக்கம் எழுதினார். எழுத எழுத, தான் பத்து ஆண்டு வாழ்ந்த மனிதர் அந்தத் தாளில் இல்லை என்று உணர்ந்தார். அதை அனுப்பினால் அவரும் பதிலுக்கு ஒரு பட்டியல் எழுதுவார். இரண்டையும் என்றாவது மகள் படிப்பாள். எழுதியதைக் கிழித்துவிட்டார்.

2022 ஜனவரியில் நாடாளுமன்றம் ஏற்ற சட்டத் திருத்தம் 2024 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தது. அதன்படி, இருவரும் சேர்ந்து திருமணம் முறிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதும் ஒரு வழியானது. யார் மீது குற்றம் என்று எழுத வேண்டாம். இது விவாகரத்தை எளிதாக்கிவிட்டது என்று நம் சமூகத்தில் பலர் முணுமுணுப்பதைக் கேட்கிறேன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் இந்த முடிவுக்கு வந்தோம், சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தோம், பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஏற்பாடு என்று மூன்றையும் எழுத்தில் தர வேண்டும். சேர்ந்து வாழ நியாயமான வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தால் நீதிமன்றம் மறுக்கலாம். மூன்றாண்டுக் காத்திருப்பு அப்படியே இருக்கிறது. இடைக்காலத் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையிலான மூன்று மாதமும் இருக்கிறது. இவர்கள் விஷயத்தில் அந்த மனு எழுதும்போதுதான், பத்து ஆண்டில் முதல் தடவையாக, யார் எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். (தமிழ் முஸ்லிம் தம்பதிகளுக்கு இந்த வழி பொருந்தாது, அவர்களுக்கு 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும்.)

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். 2023இல் சிங்கப்பூரில் விவாகரத்தும் திருமண ரத்துமாகச் சேர்த்து 7,118. அதே ஆண்டு 28,310 திருமணங்கள். உடனே ஒன்றை மற்றதால் வகுத்து “நாலில் ஒன்று முறிகிறது” என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அந்த ஆண்டு பிரிந்தவர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் மணந்தவர்கள், ஆகவே அந்த வகுத்தலுக்கு அர்த்தமில்லை. பிரிகிறவர்களில் பெரும்பகுதி பத்து ஆண்டுகளை ஒட்டியோ அதற்கு மேலோ சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவசரத்தில் உதறிவிட்டுப் போகும் இளம் தலைமுறை என்ற பேச்சுக்கு இது இடம் தரவில்லை.

வீட்டின் விலை

வீடு என்ன ஆகும் என்பதுதான் இங்கே விவாகரத்தின் பெரும்பாதி. மறுவிற்பனையில் 560,000 வெள்ளி போனது. வீட்டுக் கடன் பாக்கி 190,000. மிச்சம் 370,000. இதில் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை, அங்கேயே கிடந்திருந்தால் சேர்ந்திருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு அவரவர் கணக்கில் திரும்பக் கட்ட வேண்டும். மனைவிக்கு 105,000, கணவருக்கு 125,000. கையில் ரொக்கமாக வருவது 140,000 மட்டுமே. 560,000 என்ற எண்ணைப் பார்த்து ஆளுக்குப் பாதி என்று உறவினர்கள் மனக்கணக்குப் போட்டிருந்தார்கள்.

பங்கு பிரிப்பதில் நீதிமன்றங்கள் 2015ஆம் ஆண்டின் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் பின்பற்றுகின்றன. நேரடியாகப் பணம் போட்ட விகிதம் ஒன்று. பிள்ளை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம் போன்ற பங்களிப்பின் விகிதம் ஒன்று. இரண்டுக்கும் சராசரி. வழக்கறிஞர்கள் இதை வைத்து மதிப்பிட்டபோது பணத்தில் கணவர் 55, மனைவி 45 என்று வந்தது. மற்றதில் மனைவி 65, கணவர் 35. சராசரியில் மனைவிக்கு 55, கணவருக்கு 45. இதையே இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 370,000இல் மனைவியின் பங்கு 203,500, கணவரின் பங்கு 166,500. சேமநிதியை அவரவர் வைத்துக்கொண்டதால், ரொக்கத்தில் மனைவிக்கு 98,500, கணவருக்கு 41,500.

கணவருக்கு முதலில் இது உறைத்தது. “நான் வேலைக்குப் போனதும் வீட்டுக்காகத்தானே” என்றார். அந்த 65 என்ற எண்ணைப் பல நாள் யோசித்தார். இழுப்பு வந்த இரவுகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவ்வளவு காலம் மனைவி முகத்தில் காட்டியதை ஒரு எண் வாய்விட்டுச் சொன்னது. பத்து ஆண்டு முன்பே யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

வீட்டைத் தானே வைத்துக்கொள்ள மனைவி விரும்பினார். மகள் அவரோடு இருப்பதால் வீவக விதியும் தடையில்லை. ஆனால் மீதிக் கடனை ஒரே சம்பளத்தில் ஏற்று, கணவரின் பங்கையும் கொடுக்க முடியவில்லை. அம்மாவும் மகளும் இப்போது பாட்டியின் மூவறை வீட்டில் யீஷூனில் இருக்கிறார்கள். கணவர் செம்பவாங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார். நகை விஷயத்தில் கொஞ்சம் கசப்பு வந்தது. தாலிச் சங்கிலியை மாமியார் வீட்டில் கேட்டார்கள். மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டார், சட்டத்தைக் கேட்கவில்லை.

மகள்

21 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், மனுச் செய்யும் முன்பே பெற்றோர் இருவரும் இணைப் பெற்றோர் திட்டத்தை முடிக்க வேண்டும். இணையவழிப் பாடமும் ஆலோசகருடன் சந்திப்பும் உண்டு. மனுச் செய்த பிறகு அனுப்புவதைவிட இது நல்லது, ஏனென்றால் வழக்கறிஞரின் கடிதங்கள் பறக்கத் தொடங்கிய பிறகு யாரும் பிள்ளையைப் பற்றி அமைதியாகக் கேட்பதில்லை. ஆலோசகர் அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “உங்கள் இருவருக்கும் நடுவில் தகவல் எப்படிப் போகிறது?” இருவரும் யோசித்து, “பிள்ளையிடம் சொல்லி அனுப்புவோம்” என்றார்கள்.

மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்பா பணம் போட்டாரா கேள், அம்மா எப்போது வருவாள் கேள். ஏழு வயதிலிருந்து அந்தப் பெண் கோபத்தைக் கழித்துவிட்டுச் சேதியை மட்டும் கொண்டுபோகக் கற்றுக்கொண்டாள். பள்ளியில் சமர்த்துப் பிள்ளை என்று பெயர். வயிற்றுவலி என்று அடிக்கடி மருந்தகம் போவாள், எந்தக் கோளாறும் தெரியவில்லை. விவாகரத்து பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். இந்த வீட்டில் வயிற்றுவலி தொடங்கியது 2021இல், பெற்றோர் பேசாமல் ஒரே வீட்டில் இருந்தபோது. ‘பிள்ளைக்காகச் சேர்ந்திருக்கிறோம்’ என்று பெரியவர்கள் பெருமைப்பட்ட ஆண்டுகள் அவை. தகவலெல்லாம் பெற்றோரின் கைப்பேசியில் நேரடியாகப் போகத் தொடங்கிய சில மாதங்களில் வலி குறைந்தது.

இழப்புகள் இல்லாமல் இல்லை. யீஷூனிலிருந்து செங்காங் பள்ளிக்கு விடியுமுன் கிளம்பிப் பல மாதம் போனாள், பிறகு பள்ளி மாறினாள். தோழிகள் போய்விட்டார்கள். அப்பாவழித் தாத்தா அடிக்கடி பார்க்க முடியாமல் தவித்தார். தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை, இரண்டு வீடு. ஒப்பந்தத்தில் அதையும் எழுதினார்கள்: ஒரு ஆண்டு காலை எண்ணெய்க் குளியல் அம்மா வீட்டில், மாலை அப்பா வீட்டில், மறு ஆண்டு மாற்றி. இதையெல்லாமா எழுதுவார்கள் என்று பாட்டி கேட்டார். எழுதாமல் விட்ட குடும்பங்களில் தீபாவளிக் காலையில் புளோக்கின் கீழே நின்று சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது

மகளின் செலவுக்கு அப்பா மாதம் 700 வெள்ளி தருகிறார். இதுவரை தவறவில்லை. தவறினால் 2025இல் வந்த புதிய அமலாக்க நடைமுறையில் அதிகாரிகளே வருமான விவரம் திரட்ட முடியும், ஆனால் அதற்குத் தேவை வரவில்லை. பெற்றோருக்குக் கொடுப்பதில் பாதியைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். அந்த மாற்றம் நான்கு ஆண்டு தாமதமாக வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

மனைவியின் தங்கைக்கு வரன் பார்த்தபோது ஒரு வீட்டார் அக்காளின் விவாகரத்தைக் காரணம் காட்டி விலகினார்கள். கோயிலில் தெரிந்தவர்கள், “என்னம்மா குறை?” என்று கேட்கிறார்கள். கணவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அவரைக் கூப்பிடுவதும் இல்லை. விசேஷங்களுக்கு அழைப்பு வருவது நின்றுவிட்டது. ஓய்வு நாளில் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புகிறார். அவரை இப்போது நான் பார்க்கச் சொல்லி அனுப்பியிருப்பது ஆண்களுக்கான ஆதரவுக் குழு ஒன்றுக்கு. இரண்டு வாரமாகப் போகிறார்.

மகளைப் பற்றிய பெரிய முடிவுகளை இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு இங்கே பொதுவான வழக்கம். 2027இல் அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. எந்த உயர்நிலைப் பள்ளி என்பதில் யீஷூன் பக்கம் அம்மாவுக்கு, செம்பவாங் பக்கம் அப்பாவுக்கு விருப்பம். மகள் கேட்பது செங்காங்கில் பழைய தோழிகள் போகும் பள்ளி. மூவரும் ஆலோசகர் முன்னால் உட்காரத் தேதி குறித்திருக்கிறார்கள்.